அண்ணாச்சி பதில்கள்: கொம்பு முந்தியா, எழுத்து முந்தியா?

போன இதழில், ஒரு கல்லூரித் தமிழ்த்துறையில் பிள்ளைகளை ஈய எழுத்துக் கோக்க வைத்துப் புத்தக வரலாறு நடத்தியதைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சினிமாவும் தேர்தலும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை முழுக்க அச்சுதான்.

கல்லூரியில் அச்சு வரலாறு நடத்துகிறேன். 1578, 1713, 1835 என்று ஆண்டுகளை எழுதிப் போட்டால் பிள்ளைகள் குறித்துக்கொள்கிறார்கள், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். உங்கள் வகுப்பில் முதல் மணி நேரம் என்ன செய்வீர்கள், அண்ணாச்சி?
*தமிழ் விரிவுரையாளர், நாகர்கோவில்*

ஆண்டைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. ஆளுக்கொரு ஸ்டிக்கைக் கையில் கொடுத்து, ‘திருநெல்வேலி’ என்று கோத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

ஸ்டிக் என்பது இடது உள்ளங்கையில் அடங்குகிற இரும்புத் தட்டு. மூன்று பக்கம் விளிம்பு, ஒரு பக்கம் திறப்பு. வலது கை, அறை அறையாகத் தடுத்த ‘கேஸ்’ என்ற எழுத்துப் பெட்டியிலிருந்து எழுத்தை எடுத்து வைக்க வைக்க, இடது கைப் பெருவிரல் கடைசி எழுத்தைச் சாயவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். எழுத்தெல்லாம் தலைகீழாக நிற்கும். வரி மட்டும் இடமிருந்து வலமாகவே போகும். ஒவ்வொன்றையும் தூக்கித் தலை எது, கால் எது என்று பார்த்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அதற்காகவே எழுத்தின் உடம்பில் ஒரு சின்னப் பள்ளம் வெட்டியிருக்கும். ‘நிக்’ என்போம். அது மேலே பார்த்திருந்தால் எழுத்து ஒழுங்காக நிற்கிறது என்று விரலே சொல்லிவிடும்.

சரி, திருநெல்வேலிக்கு எத்தனை எழுத்து? ஆறு என்பார்கள். ஸ்டிக்கில் எட்டு வரும்: தி, ரு, ஒற்றைக் கொம்பு, ந, ல், இரட்டைக் கொம்பு, வ, லி. போன முறை ஒரு பிள்ளை ந-வை வைத்துவிட்டு அதன் பின்னால் கொம்பை வைத்தது. வ-வுக்கும் அப்படியே. மை தடவிப் புரூஃப் எடுத்தால், முதல் கொம்பு ‘ல்’லுக்குச் சொந்தமாகிவிட்டது, இரண்டாவது ‘லி’யோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வகுப்பே சிரித்தது. ஆனால் அந்தப் பிள்ளை தினமும் செல்போனில் அப்படித்தானே அடிக்கிறது? யூனிகோடில் ‘நெ’ என்றால் முதலில் ந, அப்புறம் கொம்பு. அந்த வரிசையில்தான் உள்ளே பதிவாகிறது. கொம்பை முன்னால் தள்ளிக் காட்டுவது மென்பொருள் பார்க்கிற வேலை. ஈயத்துக்கு அந்த எடுபிடி கிடையாது. கண்ணுக்கு எது முன்னால் தெரிய வேண்டுமோ அதை முன்னால் வைத்தாக வேண்டும். ‘கொ’ என்பதற்கு ஸ்டிக்கில் மூன்று அச்சு, யூனிகோடில் இரண்டே குறி. கையெழுத்தில் ஒன்று, அச்சில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று என்று தமிழ் எழுத்துக்குக் கணக்கு மாறிக்கொண்டே வந்திருக்கிறது என்பதை அந்த ஒரு புரூஃப் காட்டிவிட்டது.

அடுத்து, கரும்பலகையில் ஒரு கூட்டல். தமிழுக்கு 247 எழுத்து. அத்தனையும் தனித்தனியாக வார்த்தால் கேஸ் வைக்க அறை போதாது. ஆக, எத்தனை அச்சு இருந்தால் ஒரு புத்தகத்தைக் கோக்கலாம்? உயிரும் ஆய்தமும் 13. க, ங என்று அகர வரிசை 18. புள்ளி வைத்தவை 18. இகர, ஈகார வரிசைகள் 36. உகர, ஊகார வரிசைகள் 36. தனியாக நிற்கும் கால், இரண்டு வகைக் கொம்பு, ஐகாரக் குறி என்று 4. மொத்தம் 125. ஔகாரத்துக்கு ள-வை வைத்து ஒப்பேற்றிவிடலாம். கிரந்தம், எண், நிறுத்தக்குறி எல்லாம் இதற்கு மேல்.

கை கறுத்த பிறகு 1578-ஐ எடுங்கள். கொல்லத்தில் அண்ட்ரிக் அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கச் சிறு நூல். கோவாவில் 1577-ல் வார்த்த எழுத்து ஒரு தொகுதி, கொல்லத்தில் 1578-ல் வார்த்தது இன்னொரு தொகுதி என்று அந்த நூலிலேயே தெரிகிறது. பிரதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நாம் அதன் படத்தைத் திரையில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். எட்டு அச்சைத் தேடி எடுக்கவே மூச்சு வாங்கிய பிள்ளைகள், ‘ஒரு தடவை வார்த்ததை ஏன் மறுபடி வார்த்தார்கள்?’ என்று தாங்களாகவே கேட்கும். கேட்டுவிட்டால் அப்புறம் பாடம் தானாக ஓடும்.

எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டருக்குத் தமிழ் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டுமா?
*வாசகி, விருதுநகர்*

தெரிந்தால் ஆபத்து. எழுதியவரைத் திருத்த ஆரம்பித்துவிடுவான்.

வகுப்பில் செல்போனைத் தாராளமாக அனுமதிக்கிறீர்களாமே. ஈய எழுத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
*முதுகலை மாணவர், தூத்துக்குடி*

அனுமதிப்பது என்ன, கொண்டுவரவில்லை என்றால்தான் கோபம் வரும். பிழை பார்க்க அது வேண்டும்.

பழைய உரைநடை ஒன்றில் பத்து வரியை எடுத்துக்கொள்வேன். ஒரு குழு அதைக் காதால் கேட்டு எழுதும், ஏட்டில் எழுதுவதுபோலப் புள்ளியும் இல்லாமல், சொல்லுக்குச் சொல் இடமும் விடாமல். இரண்டாவது குழு ஸ்டிக்கில் கோக்கும். மூன்றாவது குழு அந்தப் பழைய பக்கத்தைப் படம் பிடித்து ஓ.சி.ஆர். மென்பொருளில் போட்டு எழுத்தாக மாற்றும். நான்காவது குழு போனில் தட்டச்சு செய்யும். நான்கையும் சுவரில் ஒட்டிப் பிழைகளுக்குச் சிவப்பு வட்டம் போட்டால் ஒன்றைக் கவனிக்கலாம். பிழை இல்லாத தாள் எதுவும் இருக்காது, ஆனால் ஒருவருடைய பிழை இன்னொருவருக்கு வராது.

காதால் கேட்டவர்கள் ல, ள, ழ-வில் விழுவார்கள். ஒரே சொல் அடுத்தடுத்த வரியில் இரண்டு முறை வந்தால் நடுவில் உள்ளதைத் தாண்டிப் போவார்கள். ஸ்டிக்காரர்களின் பிழைக்கு ஒலியோடு சம்பந்தமே இருக்காது. கை தவறிக் கேஸில் பக்கத்து அறையின் எழுத்து வந்து நிற்கும், அல்லது முன்பு யாரோ டைப்பைப் பிரித்துப் போடும்போது தப்பான அறையில் போட்டது இப்போது கையில் ஏறும், அல்லது எழுத்து தலைகீழாகத் திரும்பி நிற்கும். ஓ.சி.ஆர். வடிவத்தில் ஏமாறும்: ர-வும் காலும், எ-வும் ஏ-வும், மை மங்கிய இடத்தில் புள்ளி இருந்ததா இல்லையா என்பதும். போனில் அடித்தவர்களுடையதுதான் வேடிக்கை. அங்கே எழுத்துப்பிழை குறைவு, ஆனால் சொல்லே வேறாக இருக்கும், போன் தானாக ஊகித்துப் போட்டது.

இப்படிப் பிழையை வைத்து ஆளைப் பிடிக்கிற வித்தையை ஒருவர் பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறார். சார்ல்டன் ஹின்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர். ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் 1623-ல் முதல்முறையாகத் தொகுப்பாக வந்தன அல்லவா? அதன் பிரதிகள் ஏராளமாக வாஷிங்டனில் ஃபோல்ஜர் நூலகத்தில் இருக்கின்றன. இரண்டு பிரதிகளின் ஒரே பக்கத்தை விளக்கு மாறி மாறி எரிய ஒன்றன் மேல் ஒன்றாகக் காட்டும் ஒரு பொறியை அவரே செய்தார். வித்தியாசம் இருக்கும் இடம் மட்டும் கண்ணுக்குத் துள்ளும். உடைந்த எழுத்து எந்தெந்தப் பக்கத்தில் திரும்ப வருகிறது என்று பின்தொடர்ந்து, எந்தப் பக்கம் எப்போது அச்சானது, யார் கோத்தது என்று பிரித்துவிட்டார். 1963-ல் அவர் புத்தகம் வந்தது. ஐந்து கம்பாசிட்டர்கள் என்பது அவர் கணக்கு. பெயர் தெரியாததால் ஏ, பி, சி, டி, ஈ. அதில் ஈ என்பவன் கற்றுக்குட்டி, பிழை மேல் பிழை. முந்நூற்று நாற்பது வருஷம் கழித்து ஒரு கற்றுக்குட்டியைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கள் தொழில்காரன் அல்லவா!

அந்தப் பொறி செய்த வேலையை இன்று உங்கள் போனும் ஒரு சாதாரண படத்திருத்த மென்பொருளும் செய்துவிடும். இரண்டு படத்தையும் அடுக்கி மேலே இருப்பதைப் பாதி ஒளி ஊடுருவுமாறு மாற்றினால் போதும். பிரின்ஸ்டனில் 2001-ல் பிளேஸ் அகுவேரா இ அர்காஸ், பால் நீடம் என்ற இருவர் இதே போக்கில் குட்டன்பர்க்கையே சோதித்தார்கள். அவர் எழுத்தில் வந்த ஒரு போப்பாண்டவர் ஆணையின் பக்கங்களைப் படமெடுத்து, ஒரே எழுத்தின் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டார்கள். ஒரே அச்சில் வார்த்தவை என்றால் ஒத்துப்போக வேண்டும், போகவில்லை. எஃகு முனையில் எழுத்தை வெட்டி (அதுதான் பஞ்ச்), செம்பில் அடித்து, அந்தக் குழியில் வார்ப்பது என்ற முறை அவர் காலத்தில் நாம் நினைத்ததுபோல முழுமையாக இருந்திருக்காது, மணலில் வார்த்திருக்கலாம் என்றார்கள். இன்னும் அதில் வாக்குவாதம் இருக்கிறது. இருக்கட்டும், அதுதான் சுவை.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஊர் நூலகத்தில் 1930-கள், 40-களில் வந்த ஒரு தமிழ்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். மூக்கு உடைந்த ஒரு ‘க’வையோ கால் தேய்ந்த ஒரு ‘ம்’மையோ கண்டுபிடித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதே எழுத்து வேறு எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடுங்கள். தாளின் ஒரு பக்கத்தை அச்சடிக்கும்போது இயந்திரத்தில் ஏறியிருக்கும் பக்கங்களில் ஒரு எழுத்து இரண்டு இடத்தில் இருக்க முடியாது. ஆகவே அது மறுபடி வந்தால், முதல் பாரத்தை, அதாவது ஒரே தடவையில் இயந்திரத்தில் ஏற்றிய பக்கங்களின் தொகுதியை, பிரித்துப் போட்டு அதே எழுத்தை அடுத்த பாரத்துக்கு எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த அச்சகத்தில் எவ்வளவு டைப் இருந்தது என்பதுகூட இதில் பிடிபடும். சின்னப் பிரஸ் என்றால் உடைந்த ‘க’ ஓயாமல் வந்துகொண்டே இருக்கும்.

ஏ.ஐ.யே எழுதி, பக்கம் அமைத்து, அட்டையும் போட்டுவிடும் காலத்தில் ஈயத்தைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?
*வாசகர், சென்னை*

ஏ.ஐ. தமிழ் படித்தது எதிலிருந்து? யாரோ எழுதி, யாரோ கோத்து, யாரோ ஸ்கேன் செய்து, யாரோ ஓ.சி.ஆர். போட்ட பக்கங்களும் அதில் உண்டு. நாலு பேர் பிழையும் அதற்குள் இருக்கிறது. எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல ஊருக்கு ஓர் ஆளாவது வேண்டாமா?

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் பிரஸ்ஸும் இல்லை, காசும் இல்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம், ஐயா?
*ஆசிரியை, சாத்தான்குளம் அருகே*

அம்மா, ஒரு வெள்ளைத் தாள் இருக்கிறதா? அதை மூன்று முறை பாதி பாதியாக மடிக்கச் சொல்லுங்கள். எட்டு இலை, பதினாறு பக்கம். ஓரத்தை வெட்டாமல், விரலால் விலக்கி விலக்கி 1 முதல் 16 வரை எண் போடச் சொல்லுங்கள். பிறகு தாளைப் பிரிக்கட்டும். ஒரு புறத்தில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 இருக்கும்; மறுபுறத்தில் மற்றவை. பாதி எண்கள் தலைகீழாக நிற்கும். புத்தகத்தின் முதுகாக வரும் மடிப்பில் அண்டையாக இருக்கும் இரண்டு எண்ணைக் கூட்டினால் எப்போதும் 17. கணக்கு வாத்தியாரும் வந்து எட்டிப் பார்ப்பார். அப்புறம் வீட்டில் இருக்கும் தைத்த புத்தகங்களை எடுத்து, முதுகின் மேல் முனையில் பாரம் பாரமாக மடித்திருப்பதை எண்ணி வரச் சொல்லுங்கள். பழைய நாவல்களில் கடைசியில் சும்மா இரண்டு பக்கம் விளம்பரத்தோடு இருப்பது எதற்கு என்பதும் அதில் விளங்கிவிடும்: பாரத்தை நிரப்பத்தான்.

எழுத்து அச்சுக்கு, பென்சில் அழிக்கும் ரப்பர் போதும். வெண்டைக்காயை நறுக்கி மையில் தோய்த்துப் பூப்பூவாக அடிப்பது எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். ஆனால் பூவுக்கு இடம் வலம் கிடையாது. ரப்பரில் அவரவர் பெயரின் முதல் எழுத்தைச் செதுக்கச் சொல்லி, முத்திரை மைப்பெட்டியில் ஒற்றி அடிக்கச் சொல்லுங்கள். திருப்பிச் செதுக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். எழுத்து கண்ணாடியில் தெரிகிற மாதிரி விழுந்ததும் ஒரு நிமிஷம் முழிப்பார்கள் பாருங்கள், அந்த நிமிஷத்தைக் கெடுக்கக் கூடாது. பிளேடை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கம் பனைக்கும் பஞ்சமில்லை. காய்ந்த ஓலையில் காம்பஸ் முனையால் கீறி, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால் எழுத்து கறுப்பாக எழும்பும். ஏட்டில் ஏன் புள்ளி வைக்காமல் விட்டார்கள் என்று கேளுங்கள். அழுத்திப் புள்ளி குத்திய இடத்தில் ஓலை பிளந்திருப்பதை அவர்களே காட்டுவார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சுப் புத்தகங்களை இலவசமாகவே பார்க்கலாம், உங்கள் போனிலேயே. ஓலையையும் அந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

எங்கள் பொறியியல் கல்லூரியில் 3டி பிரின்டர் சும்மா கிடக்கிறது. அதில் தமிழ் அச்செழுத்து செய்ய முடியுமா?
*மாணவர், கோவை*

தாராளமாக. அளவுதான் முக்கியம். எழுத்து நிற்கும் உயரம் 0.918 அங்குலம், அதாவது 23.3 மில்லிமீட்டர். அந்த உயரத்தில் கடுகளவு கூடினாலும் குறைந்தாலும், பழைய ஈய எழுத்தோடு சேர்த்துக் கோக்கும்போது ஒன்று தாளைக் குத்தும், இன்னொன்று மையே வாங்காது. முதலில் பெரிய எழுத்தாக, 72 பாயின்ட் அளவில் செய்யுங்கள். கணினி எழுத்துருவை எடுத்து இடம் வலமாகத் திருப்ப மறக்காதீர்கள். முகத்தை மேல்நோக்கி அடித்தால் பிளாஸ்டிக் இழை ஓடிய வரிகள் முகத்திலேயே தெரியும். அப்படியே மை போட்டால் எழுத்துக்குள் கோடு கோடாக விழும். உப்புத்தாளை மேஜையில் ஒட்டி, தண்ணீர் விட்டு, எழுத்தைக் குப்புறப் பிடித்துத் தேய்த்தால் சரியாகும். ‘கீ’யின் மேல் சுழியையும் ‘ழு’வின் வாலையும் மெல்லியதாக விட்டால் ஒடிந்துவிடும், கொஞ்சம் தடிமன் கொடுங்கள்.

எழுத்து செய்வதைவிட, எழுத்து எப்படி வார்த்தார்கள் என்று காட்ட அந்த இயந்திரம் ரொம்ப உதவும். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகங்களின் நூலகர்கள் சேர்ந்து 3டிஹாட்பெட் என்ற பெயரில் இதைத்தான் செய்திருக்கிறார்கள். பஞ்ச், அதை அடித்த குழியான மேட்ரிக்ஸ், கையில் பிடித்து வார்க்கும் அச்சு எல்லாவற்றின் கோப்புகளையும் பொதுவில் வைத்திருக்கிறார்கள். இறக்கி அடித்துக்கொள்ள வேண்டியதுதான். கை அச்சு இரண்டு பாதியாக இருக்கும். ஒன்றோடொன்று சறுக்கும். ‘ஞ’ மாதிரி அகல எழுத்துக்கு விரியும், கால் மாதிரி ஒல்லிக்குச் சுருங்கும். உயரம் மட்டும் மாறாது. இதைப் படம் போட்டு விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பிளாஸ்டிக் அச்சைக் கையில் கொடுத்து, திறந்து மூடிப் பார் என்றால் முடிந்தது. அதில் ஈயத்தை ஊற்றும் யோசனை வேண்டாம். ஈயம் உருக 327 டிகிரி வேண்டும், இந்தப் பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே தொய்ந்துவிடும். ஊற்றியே தீர வேண்டும் என்றால் உள்ளே எண்ணெய் தடவி பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றிப் பாருங்கள்.

இதோடு தரங்கம்பாடியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குக்கு அச்சு இயந்திரம் லண்டனிலிருந்து 1712-ல் வந்தது. தமிழ் எழுத்துகள் ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்து 1713-ல் வந்தன. வந்து பார்த்தால் எழுத்து பெரிது. அந்த எழுத்தில் பைபிளைக் கோத்தால் காகிதம் எங்கே போவது? காகிதமோ கப்பலில் வர வேண்டும். தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். அதற்கான ஈயத்துக்கு, இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த டப்பாக்களை உருக்கினார்கள் என்பது மிஷன் வரலாறுகளில் உள்ள செய்தி. 1715-ல் புதிய ஏற்பாடு முடிந்தது. உங்கள் கணினியில் ஒரே பத்தியை 24 பாயின்டிலும் 12 பாயின்டிலும் அமைத்து, ஒரு புத்தகத்துக்கு எத்தனை ரீம் மிச்சம் என்று கணக்குப் போடுங்கள். டப்பாவை ஏன் உருக்கினார்கள் என்பதற்கு விடை அதில் இருக்கிறது.

துதிக்கை வைத்த பழைய ‘லை’, ‘னை’யைத் தூக்கியெறிந்தது பிரஸ்காரர்களின் சோம்பேறித்தனத்துக்காகத்தானே?
*ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தென்காசி*

ஐயா, எட்டு மணி நேரம் கேஸுக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுச் சோம்பேறி என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

மாறியவை 13 எழுத்து. ணா, றா, னா. அவற்றின் ஒகர, ஓகாரங்கள் ஆறு. ணை, லை, ளை, னை. பெரியார் 1935-ல் குடி அரசில் இந்த முறையைக் கொண்டுவந்தார். தமிழக அரசு ஆணை 1978-ல்தான் வந்தது. கேஸில் நின்று பார்த்தால் கணக்கு இன்னும் சின்னது. ‘ணொ’ என்பது கொம்பும் பழைய ‘ணா’வும்தானே, அதற்குத் தனி அச்சு தேவையில்லை. ஆக மிச்சமானது ஏழு அறை. ஏழு அறைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்றால், தமிழில் ‘னை’யும் ‘லை’யும் எத்தனை முறை வருகின்றன என்று இந்தப் பத்தியிலேயே எண்ணிப் பாருங்கள். தீர்ந்துபோகும் எழுத்துகள் அவை. தீர்ந்துபோனால் வேலை நிற்கும். பத்திரிகை நடத்தியவருக்கு அது தெரிந்திருந்தது. ஆணை வந்த பிறகும் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள், ‘அந்தப் பழைய னை போடுங்க, அதுதான் லட்சணம்’ என்பார்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு அல்லாடியது நாங்கள்.

வகுப்பில் இதற்கும் ஒரு சோதனை உண்டு. பழைய எழுத்து உள்ள பக்கத்தையும் புதிய எழுத்து உள்ள பக்கத்தையும் ஓ.சி.ஆர்.-இல் போட்டு, பிழை எங்கே கூடுகிறது என்று பிள்ளைகளையே பார்க்கச் சொல்வேன்.

கொல்லம், தரங்கம்பாடி, சென்னை என்றே பேசுகிறீர்கள். யாழ்ப்பாணம் நினைவில் இல்லையோ?
*வாசகர், யாழ்ப்பாணம்*

இல்லாமலா! அமெரிக்க மிஷன் அச்சகம், 1841-ல் தொடங்கிய உதயதாரகை இதழ், அதற்குப் போட்டியாகவே வந்த ஆறுமுக நாவலரின் அச்சகம், எல்லாவற்றையும் சொல்லித்தான் நடத்துகிறேன். நாவலர் 1849-ல் சென்னைக்கு வந்து அச்சு இயந்திரத்தோடு திரும்பி, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். பள்ளிக்கூடம் வைத்தவர் பாடப்புத்தகத்துக்குப் பிறர் கையை எதிர்பார்க்காமல் தாமே அச்சடித்துக்கொண்டார்.

வகுப்பில் அவருடைய பதிப்புகளின் தலைப்புப் பக்கங்களைப் படமாகக் காட்டுவேன். உங்கள் ஊர்க்காரர்கள் இணையத்தில் நடத்தும் நூலகம் தளம் அதற்குப் பெரிய உதவி. பக்கத்தில் 1812-ல் சென்னையில் அச்சான திருக்குறளின் தலைப்புப் பக்கம். அதில் தஞ்சை ஞானப்பிரகாசன் என்று அச்சிட்டவர் யார், மாசத்தினச்சரிதை அச்சுக்கூடம் என்று இடம் எது, எல்லாம் ஒரே மூச்சில் எழுதியிருக்கும். பிறகு, உங்கள் பெயரில் ஒரு தலைப்புப் பக்கம் கோத்து வாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னால், எழுதியவர் பெயரைப் பெரிதாகப் போட்டுவிட்டு அச்சிட்டவரை மறந்துவிடுவார்கள். எனக்கு வந்த கோபத்தைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

என் மகள் உங்கள் வகுப்பு மாதிரி ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். ஈயம் விஷம் என்கிறார்களே?
*தாய், மதுரை*

பயம் நியாயமானது. கெட்டியான எழுத்தைக் கையால் தொட்டுக் கோப்பதில் பெரிய ஆபத்து இல்லை. தொட்ட கையோடு வாயில் எதையும் வைப்பதில்தான் ஆபத்து. கேஸ் இருக்கும் அறையில் முறுக்கு, டீ எதுவும் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நெடுநாள் ஈரத்தில் கிடந்த எழுத்தில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். அது ஈயத்தில் பூத்த துரு, அதை ஊதவோ துடைக்கவோ கூடாது, அப்படியே ஒதுக்கி மூடி வைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் முன்னால் ஈயத்தை உருக்கிக் காட்டுகிற வீரர் யாராவது இருந்தால் மகளை அழைத்து வந்துவிடுங்கள்.

பழைய பிரஸ்ஸெல்லாம் எங்கே போயிற்று?
*வாசகர், ராஜபாளையம்*

ஆஃப்செட் வந்த பிறகு எடைக்குப் போயிற்று. ஈயம் கிலோ கணக்கில், இரும்பு டன் கணக்கில். ஒரு கல்லூரியில் கேஸ் கேஸாகத் தமிழ் எழுத்து வைத்திருந்தார்கள். நான் கேட்டுப் போவதற்கு முந்தின வாரம் காயலான் கடைக்காரர் வந்து போயிருந்தார். அதே கல்லூரி இப்போது புத்தக வரலாற்றுக் கருத்தரங்கு நடத்துகிறது, அழைப்பிதழ் வந்திருக்கிறது. மரக் கேஸ்களைப் பெரிய ஊர்க் கடைகளில் அலங்காரப் பொருளாகத் தொங்கவிட்டு, அறைக்கு ஒரு பொம்மை வைத்து விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் தயவுசெய்து எந்த அறை அகலம், எந்த அறை ஒடுக்கம் என்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். எந்த எழுத்து அதிகம் புழங்கியது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

எங்கள் துறைக்கு ஒரு டிரெடில் வாங்க நிதி கிடைக்கும்போல இருக்கிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
*துறைத்தலைவர், திருச்சி*

முதலில் டிரெடிலே வேண்டுமா என்று யோசியுங்கள். காலால் மிதிக்க மிதிக்கத் திறந்து மூடும் இயந்திரம் அது. தாளை வைத்துக் கையை இழுக்க ஒரு நொடி தாமதித்தால் விரல் போய்விடும். கூட்டமாகப் பிள்ளைகள் நிற்கும் அறைக்கு, உருளையைக் கையால் தள்ளிப் புரூஃப் எடுக்கும் சின்ன இயந்திரமே நல்லது. அதில் ஒவ்வொருவரும் தங்கள் வரியைத் தாங்களே அச்சடித்துப் பார்க்கலாம்.

இல்லை, டிரெடில்தான் என்றால் மை உருளையைப் பாருங்கள். பசையும் சர்க்கரைப் பாகும் கலந்து வார்த்த பழைய உருளை என்றால் நம் ஊர் சித்திரை வெயிலில் இளகிப் பள்ளம் விழுந்திருக்கும், எலியும் ருசி பார்த்திருக்கும்; ரப்பர் உருளை மாற்ற ஆகும் செலவையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். எழுத்து எவ்வளவு தருகிறார்கள் என்று கேளுங்கள். இயந்திரம் கிடைத்து ‘ம்’ இல்லாமல் போனால் ஒன்றும் நடக்காது. அப்புறம், துறை மாடியில் இருந்தால் இப்போதே கீழே ஓர் அறை கேட்டு வாங்கிவிடுங்கள், அந்த அறையின் நிலைக்கதவு அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள்.